கருப்பசாமி மண்ணும் காட்டுச் செண்பகமும்

கொடைக்கானல் மலைமேல் இருக்கிற போளூரில் மகாதேவியைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களும் கிடையாது. சோறு தின்னும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடப்பாள். ஒரு வாய் வாசலில், மறு வாய் கொல்லையில். "ஒக்காந்து தின்னாத்தான்டி ஒடம்புல ஒட்டும்" என்று அம்மா வேலுத்தாய் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். ஒட்டவும் இல்லை. இருபத்து மூன்று வயதிலும் மகாதேவி காற்றடித்தால் சாய்கிற உருவம்தான்.

தையல் பழக மன்னவனூருக்குப் போனாள். ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு கை வைத்ததோடு சரி, மறு கை இன்னும் பீரோவுக்குள் கிடக்கிறது. கொடைக்கானலில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தாள். தட்டச்சு விரலுக்கு வருவதற்குள் மனசு வெளியே போய்விட்டது. பழனியில் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கினாளே என்று கேட்பீர்கள். அது அவளுடைய சாமர்த்தியமல்ல, ஹாஸ்டல் கேட்டின் சாமர்த்தியம். பூட்டிவைத்தார்கள், படித்தாள்.

பல் விழுந்து முளைக்கிற வயதிலேயே அப்படித்தான். அப்பா உருளைக்கிழங்கு நடுவதைப் பார்த்துத் தானும் ஓர் ஓரத்தில் ஒன்றை நட்டாள். மறுநாள் காலையில் தோண்டிப் பார்த்தாள். திரும்ப மூடினாள். மத்தியானம் மறுபடி தோண்டினாள். கடைசியில் அந்தக் கிழங்கு குழம்பில்தான் முடிந்தது. அப்பா திருமலைச்சாமி அதைச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கிற அவர் மட்டும் என்ன ஒழுங்கு? பூண்டு நட்டுப் பச்சை தெரிந்ததும், வரப்போரம் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அந்த வீட்டில் ஆற அமர இருக்கத் தெரிந்தது வேலுத்தாய்க்கு மட்டும்தான்.

இப்படிப்பட்டவள், முளைப்பதற்கே மாதக்கணக்கில் அடம்பிடிக்கிற ஒரு மரத்தின் மேல் ஆசை வைத்ததுதான் வேடிக்கை.

அது தொடங்கியது செண்பகனூர் பஸ்ஸ்டாப்பில். படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது டவுன் பஸ் பழுதாகி அங்கே நின்றுவிட்டது. மற்றவர்கள் டீ குடித்தார்கள். இவள் வழக்கம்போல் ரோட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நடக்கும்போது தோன்றியது: ஊர் பேர் செண்பகனூர், செண்பகம் எங்கே? கண்ணுக்கு எட்டின மட்டும் பார்த்தாள். யூக்கலிப்டஸ் தெரிந்தது, பைன் தெரிந்தது, வாட்டில் தெரிந்தது. டீக்கடைக்காரரிடம் கேட்டாள். அவர் பலகையில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைக் காட்டி, "அதுல இருக்குல்லம்மா" என்றார். மகாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் கிளம்பிப் போளூர் வருகிற வரைக்கும் ஜன்னலில் அந்த மரத்தையே தேடிக்கொண்டு வந்தாள்.

காட்டுச் செண்பகம் போளூரிலேயே இருந்தது. ஊருக்கு மேலே சோலைக் கருப்பசாமி கோயிலைச் சுற்றியிருந்த காட்டில் கிழடும் குமரியுமாகச் சில மரங்கள் நின்றன. காய் வெடித்துச் சிவப்புச் சதையோடு விதை தொங்கும், பறவைகள் தின்னும். ஆனால் அடியில் கன்று என்று சொல்ல ஒன்றையும் அவளால் காண முடியவில்லை. அன்றைக்குப் பிடித்த அரிப்பு விடவில்லை. விதை எடுத்து, முளைக்க வைத்து, கன்றாக்கி, வெறும் வாட்டிலாக நிற்கிற சரிவுகளில் கொண்டுபோய் வைக்க வேண்டும். வேறு எதிலும் நிற்காத மனசு இதில் நின்றதே என்று அவளுக்கே ஆச்சரியம்.

போனில்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். மண்ணின் செடிகொடிகளுக்காகவும் காளான், பூஞ்சைகளுக்காகவும் வேலை செய்ய நினைக்கிற இளம்வயதுக்காரர்களுக்குச் சிறு நிதி உதவி. கொடைக்கானலில் ஒரு மாடி அறையில் சௌம்யா என்கிற பெண் அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். மகாதேவியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மகாதேவி சொன்னதையெல்லாம் கேட்டாள். இவள் பேசிக்கொண்டே அறையைச் சுற்றிச் சுற்றி நடந்ததையும் பார்த்தாள்.

"மகாதேவி, ட்ரீ மட்டும் தனியா வளராது. மண்ணுக்குள்ள ஃபங்கஸ் நூல் நூலா ஓடும். வேருக்கும் அதுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. சோலை மண்ணுல அது ரிச்சா இருக்கும். உங்க பூண்டுக் காட்டு மண்ணுல மருந்து ஊத்தி ஊத்தி, இருக்குதோ இல்லையோ."

"அப்ப ரெண்டு மண்ணுலயும் வெதைய வச்சு எதுல வருதுன்னு பாத்துருவமாக்கா?"

"அதுதான் ப்ராஜெக்ட். சூப்பர். ஆனா பொறுமை வேணும், இது ஸ்லோவான மரம்."

"அதெல்லாம் இருக்குக்கா" என்று மகாதேவி படியில் இறங்கிக்கொண்டே சொன்னாள்.

நிதி கிடைத்த செய்தி ஊருக்கு வேறு மாதிரி வந்து சேர்ந்தது. ஜீப் ஓட்டுகிற சந்தோஷ்குமார் வழியில் வண்டியை நிறுத்தி, "ஏத்தா, காளானுக்குக் காசு குடுக்குறாங்களாம்ல? போலீஸ் புடிக்கிற காளானா, புடிக்காத காளானா?" என்று கேட்டான். போதைக்காளான் தேடி வருகிற வெளியூர்ப் பையன்களை ஏற்றி இறக்கி அவனுக்கு அந்த நினைப்பு. "ஒனக்குப் புடிக்காத காளான்" என்று சொல்லிவிட்டு இவள் போய்க்கொண்டே இருந்தாள்.

இடம் வேண்டுமே. திருமலைச்சாமியின் நிலம் சரிவில் படிப்படியாக இறங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலே குறுகலாக ஓர் உச்சித் துண்டு. அதை ஒரு பட்டம், அதாவது ஒரு சாகுபடிக் காலம் மட்டும் விட்டுத்தரச் சொல்லிக் கேட்டாள். அவர் யோசித்தார். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் மகாதேவியின் தாய்மாமன் பொன்னுச்சாமி கணக்கெழுதுகிறார். அங்கேயே பில் போடுகிற வேலை ஒன்று இவளுக்காகப் பேசி வைத்திருந்தார். நாற்காலியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வேண்டிய வேலை.

"சரி தாயி" என்றார் திருமலைச்சாமி. "கருப்பசாமி கோயில் வைகாசிப் பொங்கல் முடிஞ்சு பூண்டு நடவு. அதுக்குள்ள ஒரு வெதையாவது மொளைச்சிருந்தா அந்தத் துண்டு ஒனக்கே. மொளைக்கலேன்னா துண்டு எனக்கு, நீ மாமன்கூட ஒட்டன்சத்திரம். தொட்டதையெல்லாம் பாதியில விடுற புள்ளைக்கு வேறென்ன பண்றது, சொல்லு."

கடைசி வாக்கியம் அவளைச் சுட்டது. "சரிங்கப்பா" என்றாள்.

சோலை மண் எடுப்பது அத்தனை லேசில்லை. கருப்பசாமி காட்டிலிருந்து காய்ந்த சுள்ளியைக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள். பூசாரி குருநாதன் பூப்போட்டுக் கேட்டார். வெற்றிலைக்குள் வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டுத் தன் சின்னப் பேத்தியை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது.

"உத்தரவு குடுத்துட்டாரு. ஆனா மண்ணு கடன்தான் தாயி. வைகாசிப் பொங்கலன்னைக்கு இங்கயே திரும்பி வந்துரணும். கண்ட எடத்துல கொட்டுனா கருப்பனுக்கு நீதான் பதில் சொல்லணும்."

பொங்கலுக்குள் முளைத்துவிடும், கன்றை வேறு பைக்கு மாற்றிவிட்டு மண்ணைத் திருப்பிவிடலாம் என்பது அவள் கணக்கு. ஐப்பசியில் விதை பொறுக்கினாள். சிவப்புச் சதையைக் கழுவினாள். கார்த்திகையில் உச்சித் துண்டில் கறுப்புப் பைகளை இரண்டு வரிசையாக அடுக்கினாள். ஒரு வரிசையில் பூண்டுக்காட்டு மண், மறு வரிசையில் கருப்பசாமி மண். ஒவ்வொன்றிலும் விதை வைத்துத் தண்ணீர் தெளித்துவிட்டு வீட்டுக்கு வந்து, காப்பி குடித்துவிட்டு, முளைத்திருக்கிறதா என்று பார்க்கத் திரும்பப் போனாள்.

அதற்கப்புறம் அவள் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். வெள்ளனே எழுந்து பனியில் ஓடுவாள். விரலை மண்ணுக்குள் விட்டு விதையை எடுப்பாள், நகத்தால் லேசாகச் சுரண்டி உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்ப்பாள், திரும்பப் புதைப்பாள். இன்றைக்கு இந்தப் பை, நாளைக்கு அந்தப் பை என்று முறை வைத்துத்தான் தொடங்கினாள். முறை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மாதாமாதம் சௌம்யாவுக்குப் போனில் பேசி அனுப்ப வேண்டும். "ஒண்ணும் வரலைக்கா. வெதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நேத்துத்தான் எடுத்துப் பாத்தேன்" என்பாள். "எடுத்துப் பாக்காத மகாதேவி, ப்ளீஸ்" என்று அங்கிருந்து பதில் வரும். "சரிக்கா" என்று இவள் இடது கையால் டைப் அடிப்பாள், வலது கை மண்ணாக இருக்கும்.

மார்கழி உறைபனி வந்தது. புல்லெல்லாம் வெள்ளையாய் நின்றது. பைகளுக்கு மேல் வாட்டில் கம்பு நட்டு, கோரைப்புல் கூரை போட்டாள். அப்போதுதான் ஒருநாள் கருப்பசாமி மண் வரிசையில் மக்கிய இலைகளுக்கு ஊடே வெள்ளை நூல்கள் ஓடுவதைப் பார்த்தாள். சிலந்திவலையைவிட மெல்லிசு. இலைக்கு இலை தாவிப் பையின் ஓரம் வரை படர்ந்திருந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போட்டோ எடுத்து சௌம்யாவுக்கு அனுப்பினாள். "இதுதான்! இதுதான்!" என்று பதில் வந்தது. விதை முளைக்காவிட்டாலும் நூல் வந்துவிட்டதே, நூல் வந்தால் வேர் வராமலா போகும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருவதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். நடப்பதில் அவளுக்கு என்ன கஷ்டம், அவளை நிற்கச் சொல்லியிருந்தால்தான் அது வேண்டுதல்.

மலையிறங்கிப் போனாள். கூட்டத்தில் நெருக்குண்டு, மேலே ஏறி, கும்பிட்டு, "ஒண்ணே ஒண்ணு மொளைச்சாப் போதும் முருகா" என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் உச்சித் துண்டுக்குத்தான் போனாள். கருப்பசாமி மண் வரிசை முழுக்க நீலம் பாரித்திருந்தது. இலை மக்கெல்லாம் நீலப்பச்சைக் கறை. பைகளின் அடியில் கரைசல் வடிந்து காய்ந்த தடம். கூரைக்கம்பில் மருந்தடிக்கிற டேங்க்கின் வார் உரசின அடையாளம். வெள்ளை நூல் ஒன்றுகூட இல்லை.

அவளுக்கு விளங்க நேரம் பிடிக்கவில்லை. பூண்டுக்கு வேரழுகல் வந்தால் ஊற்றுகிற காப்பர் மருந்து அது.

திருமலைச்சாமி வீட்டில் வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா தாயி? நீ போன நேரத்துல ஒம் பையிலெல்லாம் வெள்ளை பூத்துக் கெடந்துச்சு. நல்லவேளை நாம் பாத்தேன். வெரசா ஒரு டேங்கு கலந்து ஊத்திட்டேன். இனிமே பயமில்லை."

"அதுதாம்ப்பா என் சோலியே! அந்த வெள்ளையத்தான் நான் வளத்துக்கிட்டு இருந்தேன்!"

"வெள்ளைய எவனாச்சும் வளப்பானா?"

"நான் வளத்தேன்! கேக்காம எப்படிப்பா ஊத்துனீங்க? யாரக் கேட்டு ஊத்துனீங்க?"

அவர் மேல் முழுக்கப் பழி போடவும் முடியாது. மகாதேவி பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு பட்டம், கீழ்த் துண்டு முழுக்கப் பூண்டின் வேரில் வெள்ளை பூத்து அழுகியது. பிடுங்கினால் பூண்டு வரவில்லை, கூழ் வந்தது. அந்தத் துண்டில் இன்று வரை பூண்டு வைக்க முடியவில்லை, கேரட்டோடு சரி. வெள்ளையைக் கண்டால் அவர் கை தானாக மருந்து டேங்க்கைத் தேடும். மகளின் செடியையும் காப்பாற்றுகிறோம், மழைத் தண்ணீரில் அது கீழே இறங்கி நிற்கிற பூண்டைப் பிடிக்காமலும் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் ஊற்றினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த வேலுத்தாய் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "எந்த வரிசைக்கு ஊத்துனீங்க?"

"வெள்ளை பூத்ததுக்குத்தான்."

"அது கருப்பசாமி மண்ணுங்க. சாமி மண்ணுக்கா மருந்தடிச்சீங்க?"

திருமலைச்சாமியின் முகம் வெளிறிப்போனதை மகாதேவி பார்த்தாள். கோபத்தில் இருந்தவளுக்கு அது அப்போது ஆறுதலாகக்கூட இருந்தது.

அன்றோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்தினாள். மருந்தடித்த பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொட்டிவிடத்தான் கை பரபரத்தது. ஆனால் கடன்பட்ட மண். கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. மாட்டுக்கொட்டகை ஓரத்தில் கூரைக்கு அடியில் நெருக்கி அடுக்கி, மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடினாள். "செத்த மண்ணு. பொங்கலன்னைக்குச் சுமந்துக்கிட்டுப் போய்ச் சாமிகிட்டயே சேத்துருவோம். அதுவரைக்கும் அதை நாந் தொட மாட்டேன்" என்றாள். தொடவும் இல்லை. சொன்ன வாக்கை அவள் முழுசாகக் காப்பாற்றியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆத்திரம் அவ்வளவு.

மிச்சமிருந்தது பூண்டுக்காட்டு மண் வரிசை. அவள் பதற்றமெல்லாம் இப்போது அதன் மேல் இறங்கியது. காலையில் தோண்டினாள், சாயங்காலம் தோண்டினாள். ஒட்டன்சத்திரத்திலிருந்து மாமன் வாரம் தவறாமல் போன் போட்டார். "என்னத்தா, உன் மரம் எம்புட்டு ஒசரம் வளந்திருக்கு? இங்க சேரு காலியாவே வச்சிருக்கோம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த நாற்காலியை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. சௌம்யாவுக்கு நடந்ததைச் சொல்லவில்லை. "வேலை நடக்குதுக்கா" என்று மொட்டையாகச் சொல்லிவைத்தாள். அது வேறு நெஞ்சை அரித்தது.

கீழே இன்னொருவர் நிம்மதி இழந்து திரிந்தார். சாமி மண்ணுக்கு மருந்து ஊற்றின நாளிலிருந்து திருமலைச்சாமிக்கு ஒரே நினைப்பு: கருப்பசாமி இதற்குப் பூண்டில்தான் கணக்குத் தீர்ப்பார். வெள்ளனே போய் ஒரு பூண்டைப் பிடுங்கி வேரைப் பார்ப்பார். வெள்ளை இல்லை. அடுத்ததைப் பிடுங்குவார். அதிலும் இல்லை. இல்லாதது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. வரப்போரம் பூண்டு முற்றாமலேயே குவிந்தது. வேலுத்தாய் அதையெல்லாம் பொறுக்கி வந்து குழம்பு வைத்தாள். அந்த மாசி மாதம் அந்த வீட்டில் பூண்டுக் குழம்பு தின்று தின்று நாக்கு மரத்துப் போயிற்று.

ஒருநாள் பனி விலகாத நேரத்தில் வேலுத்தாய் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். உச்சித் துண்டில் மகள் குத்தவைத்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். நடுத்துண்டில் புருஷன் குத்தவைத்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பனும் மகளும் நல்லா வந்து வாச்சீங்க எனக்கு! தாயைப் போல புள்ளைங்கிறாங்களே, எந்த ஊர்ல?" என்று அங்கிருந்தே கத்தினாள். இருவரும் எழுந்துகொண்டார்கள். இருவரும் கை மண்ணைப் பின்பக்கம் தட்டிக்கொண்டார்கள்.

பங்குனியில் பூண்டு பிடுங்கினார்கள். ஒரு பூண்டில்கூட அழுகல் இல்லை. பல் பருத்து, வெளுத்து, நல்ல பூண்டு. ஊரில் எல்லோரும் மெச்சினார்கள். திருமலைச்சாமி அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி விதைப்பூண்டைக் கட்டித் தொங்கவிட்டார். முகத்தில் மட்டும் தெளிவு வரவில்லை. "சாமி சும்மா இருக்காருன்னா, பெருசா என்னமோ யோசிக்கிறாருன்னு அர்த்தம்" என்றார்.

சித்திரை போயிற்று. மழை இரண்டு தரம் நல்லாப் பெய்தது. உச்சித் துண்டில் களைகூட முளைத்தது.

வைகாசிப் பொங்கலன்று காலையில் மகாதேவி துணிந்துவிட்டாள். பூண்டுக்காட்டு மண் பைகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொட்டினாள். முதல் பையிலிருந்த விதை அழுகியிருந்தது. இரண்டாவதில் விதையைக் காணோம். மூன்றாவது பையின் விதையில் ஏதோ இருந்தது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். விதை பிளந்து வேர் விட்டிருக்கிறது. விட்ட வேர் பாதியில் ஒடிந்து, முனை கறுத்துக் காய்ந்திருக்கிறது. அடுத்த பையிலும் அதேதான். அதற்கடுத்ததில் வேர் இரண்டு தரம் விட்டு இரண்டு தரமும் முறிந்திருந்தது.

விதைகள் அவளை ஏமாற்றவில்லை. மண்ணுக்குள் சத்தமில்லாமல் முளைத்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. அவள்தான் எடுத்து எடுத்துப் பார்த்து, முளையை நகத்தால் ஒடித்து, ஒடித்ததுகூடத் தெரியாமல் திரும்பப் புதைத்திருக்கிறாள். அப்பா ஊற்றின மருந்துக்கு நாலு மாதம் முகம் கொடுக்காமல் இருந்தாளே, இவள் விரல் செய்த வேலைக்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அவளுக்கு அழுகை வந்தது. அழும்போதும் உட்கார முடியவில்லை. உச்சித் துண்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து அழுதாள். பாதியில் விடுகிறவள் என்று அப்பா சொன்னது தப்பு. அவள் விடவே இல்லை. விடத் தெரியாததுதான் குற்றமாகிவிட்டது.

கீழே மேளம் கேட்டது. பொங்கலுக்கு ஊர் கூடிக்கொண்டிருந்தது. மகாதேவி கிழித்த பைகளை அள்ளிக்கொண்டு கொட்டகைக்கு இறங்கி வந்தாள். தலைக்குச் சும்மாடு கட்டிக்கொண்டு திருமலைச்சாமி கொட்டகை ஓரத்தில் வந்து நின்றார். கருப்பசாமி மண்ணைச் சுமந்துபோக வந்திருக்கிறார். மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கிழிந்த பைகளைப் பார்த்தார்.

"நீ ஒரு பக்கம் புடி" என்றார். தைக்குப் பிறகு அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

இரண்டு பேரும் சாக்கை ஆளுக்கொரு முனையில் பிடித்துத் தூக்கினார்கள்.

அடியில் நீலக்கறை படிந்த மண்ணிலிருந்து, வெயில் படாத வெளிறின மஞ்சளில், தலைகுனிந்து, கொக்கி கொக்கியாக முளைகள் நின்றன. சிலது விதைத்தோலை இன்னும் தலையில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு நிமிர்ந்து இலை விரிக்கப் பார்த்துச் சாக்கில் முட்டி மடங்கியிருந்தது. எல்லாப் பையிலும் இல்லை. ஆனால் ஒன்றில்லை, இரண்டில்லை.

"ஏத்தா…" என்றார் திருமலைச்சாமி. "இது எப்ப…" சொல்லிக்கொண்டே குனிந்தார். "வேரு எம்புட்டு ஓடியிருக்குன்னு பாப்போம்" என்று அவர் விரல் முளையின் அடிக்குப் போயிற்று.

"தொடாதீங்கப்பா!" மகாதேவி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் பார்த்தாள்: அவளுடைய இன்னொரு கை பக்கத்துப் பையின் மண்ணுக்குள் பாதி விரல் இறங்கியிருந்தது. அதைத் திருமலைச்சாமி பார்த்துவிட்டார். அவர் இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அப்படியே ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்த வாக்கில் நின்றார்கள், விட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பொங்கப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வேலுத்தாய் இதைப் பார்த்தாள். "என்ன, மல்லுக்கட்டா? சாமி மண்ணு காயக் கூடாதுன்னு தெனம் ஒரு செம்பு சாக்கு மேல ஊத்திக்கிட்டு வந்தேன். அதுல இப்படி ஒரு வேலை நடந்திருக்கா?" எட்டிப் பார்த்தவள் முகம் விரிந்தது. அடுத்த நொடியே, "ரெண்டு பேரும் கைய எடுங்க. எட்டி நில்லுங்க. இன்னும் எட்டி" என்றாள்.

கோயிலில் ஊர் முன்னால் திருமலைச்சாமி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, மருந்தடித்ததை வாய்விட்டுச் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்குச் சரியாக மூச்சு வந்தது. மண்ணைத் திருப்ப முடியாது, அதில் கன்று குடியிருக்கிறது என்றும் சொன்னார். பூசாரி குருநாதன் இந்தத் தடவை பூப்போட்டெல்லாம் கேட்கவில்லை.

"மண்ணா எடுத்தது மரமா வரட்டும்" என்று திருநீற்றை அள்ளிக் கொடுத்தார். "மருந்தடிச்ச குத்தத்துக்கு அந்தக் கண்ணுகளுக்கு நீதான்யா காவல்."

வரும் வழியில் திருமலைச்சாமி, "மாமனுக்கு நாஞ் சொல்லிக்கிறேன். உச்சித் துண்டு ஒனக்குத்தான்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மகாதேவி தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் சாக்குக்குப் பதிலாகக் கோரைப்புல் கூரை போட்டு, இளவெயில் மட்டும் படுகிற மாதிரி பைகளை உச்சித் துண்டில் வைத்தார்கள். வைத்தது வேலுத்தாய். மற்ற இருவரும் கூரைக்கம்பு மட்டும் நட்டார்கள்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு மகாதேவி பைகளுக்கு முன்னால் நின்று போனை எடுத்தாள். சௌம்யாவுக்குப் பேசி அனுப்ப வேண்டும். மறைத்ததையெல்லாம் முதலில் சொன்னாள்: அப்பா ஊற்றின மருந்தை, தன் நகத்தை, கிழித்துக் கொட்டின வரிசையை. பிறகு சொன்னாள்:

"ஆனா மொளைச்சிருச்சுக்கா. சோலை மண்ணாலயா, எங்கப்பா ஊத்துன மருந்தாலயா, எங்கம்மா ஊத்துன தண்ணியாலயா, கோவத்துல நான் தொடாம விட்டதாலயான்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. உங்க ப்ராஜெக்டுக்கு இது ஆகுமா ஆகாதான்னும் தெரியாது. எத்தனை மொளைச்சிருக்குன்னு மட்டும் கேக்காதீங்கக்கா. எண்ணலை. எண்ணப் போனா கை சும்மா இருக்காது."

போனைக் கீழே வைத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டு, வெளிச்சம் போகும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.